இயந்திரமில்லா விமானங்களின் மலை

ஜேர்மனி தேசத்தின் நடுவே, புல்டா நகரிலிருந்து கேர்ஸ்பெல்ட் என்னுஞ் சிற்றூருக்குச் செல்லும் புகைவண்டியில் ஏறி, அங்கிருந்து பஸ்ஸிலே மலைப்பாதை வழியாகச் சென்றால் வஸ்ஸர்குப்பே என்னும் உச்சியை அடையலாம். பெயரைக் கேட்டு வாசகர்கள் நகைக்க வேண்டா. அம்மொழியில் வஸ்ஸர் என்பது நீர். குப்பே என்பது வட்டமான மலைமுடி. புல்டா நதி இம்மலைச் சரிவிலேதான் ஊற்றெடுக்கின்றது. உயரம் 950 மீற்றர். நமது நுவரெலியாவின் ஏறத்தாழப் பாதி. ஆயினும் உச்சியில் மரஞ்செடி அதிகமின்றிப் பசும்புல் மாத்திரமே படர்ந்திருப்பதால், எத்திசையிலிருந்து வீசுங் காற்றும் தடையின்றி வந்து மோதுகின்றது. இக்காற்றுத்தான் அம்மலையின் செல்வம்.

சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் நாம் அங்கே சென்றது மலைக்காட்சிக்காக மாத்திரமன்று. ஜேர்மனியிலே குடியிருக்கும் எமது தங்கையின் மகனுக்குப் பதினான்கு வயது நிரம்பியிருந்தது. கிளைடர் எனப்படும் இயந்திரமில்லா விமானத்தைச் செலுத்தப் பழக வேண்டுமென்று அவன் ஓராண்டாக நச்சரித்து வந்தான். பெற்றோரின் கையொப்பம் வேண்டிய தாளொன்று அவர்கள் வீட்டு மேசையில் பல நாட்களாகக் கிடந்தது. தகப்பனார் சம்மதித்துவிட்டார், தாய் பேனாவைத் தொடவில்லை. முடிவில் அவள் எம்மிடம், "அண்ணை, நீங்கள் ஒருக்கா ஏறிப் பாத்திட்டுச் சொல்லுங்கோ. நீங்கள் ஓமெண்டால் நான் கையெழுத்து வைக்கிறன்" என்றாள்.

நாற்பத்தாறு வயதில், தென்னையில் ஏறியும் பழக்கமில்லாத எம்மிடம் இவ்வழக்கு வந்து சேர்ந்தது. மறுப்பதற்கு வெட்கம். ஒப்புவதற்கோ நெஞ்சம் இடந்தரவில்லை. எனினும் புதியவர்களுக்கு மூன்று நாட் பயிற்சி உண்டென அறிந்து, பெயரைப் பதிந்து கொண்டோம்.

இம்மலைக்கும் கிளைடருக்கும் உள்ள உறவு நெடியது. 1911இல் டார்ம்ஸ்டாட் நகரத்து மாணவர்கள் தாம் கட்டிய சறுக்கு விமானங்களை இங்கே சுமந்து வந்தார்கள். முதல் உலகப் போரின் பின் வெர்சாய் உடன்படிக்கை ஜேர்மனியருக்கு இயந்திர விமானங்களைப் பெரிதும் தடைசெய்தது. பறக்குமாசை தடையுத்தரவுக்கு அடங்குவதன்று. ஒஸ்கார் உர்சினுஸ் என்னும் பத்திரிகாசிரியர் அழைக்க, 1920இல் இங்கே முதற்போட்டி நிகழ்ந்தது. வந்தவர்களுள் பீற்றர் றீடல் என்பவன் பதினைந்து வயது நிரம்புமுன்னரே தானே கட்டிய கிளைடருடன் வந்து சேர்ந்த சிறுவன். அவ்வாண்டு கிளெம்பெரர் என்பார் 2 நிமிடம் 22 விநாடி பறந்ததே பெருஞ்செயலாயிற்று. இரண்டே ஆண்டுகளின் பின், 1922இல், ஹென்ற்சென் என்பார் மூன்று மணி நேரத்துக்கு மேல் வானில் நின்றார். சரிவில் மோதி மேலெழுங் காற்றிலே தங்கியிருக்கும் வித்தை கைவந்துவிட்டது.

அக்காலத்து மாணவன் பயின்ற விதத்தைக் கேட்டால் மயிர் கூச்செறியும். மரச்சட்டமொன்றின் முன்னால், சுற்றிவர மறைப்பின்றி, அவன் தனியே அமர்வான். தோழர்கள் றப்பர்க் கயிற்றை இழுத்துக்கொண்டு சரிவில் ஓடுவார்கள். ஆசிரியரோ நிலத்தில் நின்று கூவுவார். அத்தகைய சட்டமொன்றை அங்குள்ள அரும்பொருளகத்திற் கண்டோம். மருமகன் அதைக் கண்கொட்டாது நோக்கினான். தங்கை மருமகனை நோக்கினாள். இதைக் காட்டாமலே விட்டிருக்கலாமென்று எமக்குப் பட்டது.

இன்று நிலைமை வேறு. இரண்டு ஆசனங்கொண்ட விமானத்தில் மாணவர் முன்னும் ஆசிரியர் பின்னுமாக அமர்கின்றனர். இருவரிடமும் தடியும் மிதிகளும் உள. நாம் ஏறிய ஏஎஸ்கே 21 என்பது இம்மலையடியில் உள்ள பொப்பன்ஹவுசன் ஊரிலேயே செய்யப்பட்டது. சிறகின் நீளம் 17 மீற்றர். காற்றோட்டமில்லாத வேளையிலும் ஒரு கிலோமீற்றர் இறங்குமுன் ஏறத்தாழ 34 கிலோமீற்றர் முன்செல்ல வல்லது.

எமது ஆசிரியருக்கு முப்பது வயதிருக்கலாம். முதல் வார்த்தையிலேயே எம்மை 'நீ' என்றார். ஜேர்மன் மொழியிலும் நீ, நீங்கள் என்னும் பேதம் உண்டு. ஆனாற் கிளைடர் மைதானத்தில் எல்லோரும் எல்லோருக்கும் நீதான். இருபதாண்டுகள் 'சேர்' என்றே அழைக்கப்பட்டுப் பழகிய செவிக்கு அது முதலிற் கரித்தது, மதியத்துக்குள் பழகிவிட்டது. ஏனெனில் அங்கே மாணவராயிருப்பது பறப்பது மாத்திரமன்று. ஒரு தடவை பத்து நிமிடம் பறப்பதற்கு நாள் முழுவதும் விமானத்தைத் தள்ளவும், சிறகு நுனியைப் பிடித்து நிற்கவும், வடத்தைக் கொண்டுவந்து கொளுவவும் வேண்டும். பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி கட்டளையிட, நாமும், புகையிரதப் பகுதியில் ஓய்வுபெற்ற அறுபத்துமூன்று வயதினர் ஒருவரும் ஓடி ஓடி வேலை செய்தோம். மருமகனும் தானாக வந்து சேர்ந்துகொண்டான். "மாமா, சிறகை இன்னுங் கொஞ்சம் உயர்த்துங்கோ!" என்று அவன் அதட்டியதைத் தங்கை தூரத்திலிருந்து கேட்டுச் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அதுவே முதன்முறை.

எமது முறை வந்தது. மைதானத்தின் மறுகோடியில் வின்ச் இயந்திரம் வடத்தைச் சுற்றத் தொடங்க, விமானம் சில விநாடிகளில் நிலத்தை விட்டு, முகம் வானை நோக்க ஏறியது. வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலன்று பட்டம் ஏறுவதைக் கண்டிருக்கின்றோம். பட்டத்துள் இருந்து ஏறியது இதுவே முதல். முந்நூறு மீற்றருக்கு மேலே வடம் கழன்றது. பின்னர் இயந்திர ஒலி எதுவுமில்லை. பட்டத்தின் விண் கூவுவது போன்ற மெல்லிய காற்றொலி மாத்திரம். கீழே மலைமுடியில், முந்திய காலத்து றாடார் நிலையத்தின் வெள்ளைக் கோளம் முட்டைபோற் கிடந்தது.

"இப்பொழுது நீ செலுத்து" என்றார் ஆசிரியர்.

நாம் கற்பிப்பது பௌதிகம். சிறகின்மேற் காற்றுச் செல்லும் விதத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கின்றோம். அவ்வறிவு அங்கே கைக்கு இறங்க மறுத்தது. தடியை இடப்பக்கம் சாய்த்தால் விமானம் இடப்பக்கம் சாய்கின்றது. மூக்கோ முதலில் வலப்பக்கம் விலகுகின்றது. அதைத் திருத்தக் காலும் கூடவே மிதிக்க வேண்டும். கண்ணாடிக் கூட்டின் வெளியே ஒட்டியிருக்கும் சிறு கம்பளி நூலொன்று நேராக நின்றாற் சரி. எமது நூலோ வாலாட்டும் பல்லி போலத் துடித்தது. எம் பிடியும் கடப்பாரை பிடிப்பதாயிருந்தது. "இரண்டு விரல் போதும்" என்று ஆசிரியர் பத்து முறையாவது சொல்லியிருப்பார். ஒன்பதாவது பறப்பில், ஏறக்குறைய ஒரு நிமிடம், நூல் நேராக நின்றது. எமக்குப் பட்டந் தந்த பல்கலைக்கழகமும் அவ்வளவு மகிழ்ச்சி தரவில்லை.

வயதைப் பற்றி அவரிடம் வினவினோம். சிறுவரின் கை விரைவிற் கற்கின்றது, ஆனால் அஞ்ச வேண்டிய இடத்தை அவர்களுக்குத் தாம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றார். முதியவரின் கை மந்தம், ஆயினும் புறப்படுமுன் செய்ய வேண்டிய சோதனைகளில் அவர்கள் ஒன்றையும் விடார் என்றார். தனித்துப் பறக்கப் பதினான்கு வயது, அனுமதிப்பத்திரம் பெறப் பதினாறு என்பது விதி. மேலெல்லை கிடையாது, நாற்பதுக்குப் பின் வைத்திய சோதனை ஐந்தாண்டுக்குப் பதிலாக ஈராண்டுக்கொருமுறை, அவ்வளவே. சறுக்கிப் பறக்கும் கலைக்கு வழிவகுத்த ஒற்றோ லிலியென்தால் 1891இல் முதன்முதற் பறந்தபோது அவருக்கு வயது நாற்பத்துமூன்று. இதை நாம் தங்கையிடம் பெருமையாகச் சொன்னோம். அவர் ஐந்தாண்டின் பின் விழுந்து இறந்ததைச் சொல்லவில்லை. அவள் அதனை முன்னமே படித்திருந்தாள்.

மூன்றாம் நாள் மாலை, ஓய்வுபெற்ற அந்த முதியவர் முதன்முறையாகத் தனியே பறந்தார். எம்மைப்போல மூன்று நாளில் அன்று. இரண்டு கோடைகாலம் பயின்றவர். மூன்று முறை ஏறி மூன்று முறை செவ்வையாக இறங்கியதும், மைதானத்திலிருந்தோர் அனைவரும் வரிசையாக வந்து, ஊர் வழக்கப்படி, குனிந்து நின்ற அவருடைய பின்புறத்தில் ஆளுக்கோர் அடி போட்டார்கள். மேலெழுங் காற்றை ஆசனத்தின் வழியே உணர அவ்விடம் கூர்மை பெற வேண்டுமாம்! பின்னர் முட்செடிகளையும் காஞ்சொறி போன்ற செடிகளையும் சேர்த்துக் கட்டிய பூங்கொத்தொன்றை வெறுங்கையில் வாங்கச் செய்தார்கள். முதியவரின் கண்கள் கலங்கியிருந்தன. முள்ளினாலோ வேறெதனாலோ, நாம் கேட்கவில்லை.

அன்றிரவு தங்கை, "என்ன அண்ணை, சொல்லுங்கோ" என்றாள். அச்சமில்லையென்று எம்மால் கூற இயலவில்லை. ஒவ்வொரு முறையும் வடம் இறுகும்போது அஞ்சியதையும், ஆசிரியர் பின்னிருந்து எதையும் அவசரப்படுத்தாததையும், காற்றுப் பிழையென்றால் அன்று எவரையும் பறக்க விடாததையும் உள்ளபடி சொன்னோம். மருமகன் கதவருகே மூச்சையடக்கி நின்றான்.

அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் பேனாவை எடுத்துக் கையொப்பமிட்டாள். தாளை அவனிடம் நீட்டுமுன், "தனியப் பறக்கிற அண்டைக்கு எனக்குச் சொல்லோணும்" என்றாள். "அந்த முள்ளுக் கொத்தை நான்தான் கட்டுவன்."