மூன்று மீட்டர் அகல ஓடை

முண்டந்துறைக்கு மேலே. வரைபடத்தில் இந்த ஓடைக்குப் பெயர் இல்லை. கூட வந்த காணிக்காரப் பெரியவர் மடுவுக்கு மடு பெயர் சொல்கிறார்.

அகலம் மூன்று மீட்டர். வெட்டவெளியிலேயே கையடக்க ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் வரை தள்ளிக் காட்டும்.

மீன் பார்த்த இடம், திரையில், கரை மேட்டில் விழுகிறது.

செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில். குறைந்தது நான்கு தெரிய வேண்டும். அவ்வளவு தூரம் வந்த அலையை ஈர இலை மங்கடிக்கிறது. பாறைச் சுவரில் பட்டுச் சுற்றி வருவது இன்னும் மோசம்: தாமதத்தையும் தூரம் என்றே கருவி கணக்கெடுத்துக்கொள்கிறது.

நிழலை அளக்க ஒரு குவி ஆடி. அதில் 24 கட்டங்கள் கீறியிருக்கும். எத்தனை கட்டத்தில் இலை, எத்தனையில் வானம். நாலு திசையும் திரும்பி நின்று எண்ண வேண்டும்.

வானமே விழாத இடத்தில் தண்ணீர் அத்தனை குளிர்ச்சி. கல்லோடு ஒட்டிக் கிடக்கும் மீன்கள் அங்கே.

கல் எண்ணுவது. வோல்மன் 1954இல் சொன்ன முறை. நூறு கல். குனிந்து, பார்க்காமல், விரல் முதலில் தொடுவதை எடுக்க வேண்டும். பார்த்தால் கை அழகான கல்லைத் தேடிப் போய்விடும். நீளமும் வேண்டாம், தடிமனும் வேண்டாம்; அளப்பது இடைப்பட்ட அச்சை.

கல்லைப் புரட்டினால் அடியில் பூச்சிப் புழுக்கள். அவற்றின் வீடு விரல் நுழையாத இடுக்கு.

மணல் வந்து மூடினால் அந்த இடுக்கு போயிற்று. மேலே ஒரு பாதை வெட்டினாலே போதும், மணல் வரும்.

வேகத்துக்கு ஆரஞ்சுப் பழம். பத்து மீட்டர் மிதக்கவிட்டு நேரம் பார்ப்பது. பெரும்பகுதி முங்கியே மிதக்கும், காற்று தள்ளாது. வந்த வேகத்தை 0.85ஆல் பெருக்க வேண்டும். அடியில் ஓட்டம் மெதுவு.

இடது கரை என்றால் நீர் போகும் திசை பார்த்து இடது. நாங்கள் ஏறுவதோ எதிர்த்திசையில், கலங்கல் முன்னால் போய் மீனை விரட்டாமலிருக்க. நாள் முழுக்க வலது கைப்பக்கத்தை இடது என்று எழுதுவது.

பழைய டோப்போ ஷீட் எவரெஸ்ட் நீள்கோளத்தில் வரைந்தது. ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு நீள்கோளத்தில். மாற்றாமல் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் நூறு மீட்டருக்கும் மேல் விலகும்.

இங்கே நூறு மீட்டர் என்றால் அடுத்த ஓடை.

அதே ஷீட்டில் வற்றாத நீர் நீலம், வறண்ட ஓடை கறுப்பு. கறுப்புக் கோடு ஒன்றில் இன்று முழங்கால் ஆழம். தலைப்பிரட்டைகள்.

2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடம் ரேடாரால் நிலத்தின் உயரத்தை அளந்தது. அடர்காட்டில் அது பார்த்தது பெரும்பாலும் மர உச்சியை. அந்த உயரங்களிலிருந்து கணினி வரைந்த ஓடை காட்டின் தலைமேல் ஓடுகிறது.

புன்னைக்காயல் நினைவு. இந்த ஓடை போய்ச் சேரும் ஆறு கடலில் கலக்கும் இடம். கடல்மட்டத்துக்குத் திருத்தாத ஜிபிஎஸ் உயரம் அங்கே கழித்தல் 90 மீட்டருக்கும் கீழே.

நீர்நாய் எச்சம், பாறை மேல். மீன் செதில், நண்டு ஓடு. காய்ந்த பழையது, பக்கத்திலேயே ஈரமான புதியது. ஒரே புள்ளி. தேதிக்குத் தனிப் பத்தி போட்டேன்.

பாகையில் ஐந்தாம் தசமம் ஏறக்குறைய ஒரு மீட்டர். கருவி ஆறாவதையும் தருகிறது.

ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அருகிவரும் இனங்களின் இடத்தை 0.2 பாகைக் கட்டத்துக்குள் கலைத்துவிடுகிறார்கள். அலங்கார மீன் பிடிப்பவர்களும் வரைபடம் படிப்பார்கள்.

டாக்கின்சியா தாம்பிரபர்னியை. 1954இல் சைலஸ் விவரித்த கெண்டை வகை, இந்த ஆற்றுப் படுகைக்கே உரியது. பார்த்தால் துல்லியமான எண் குறிப்பேட்டில் மட்டும். வெளியே தரமாட்டேன்.

பெரியவர் சொன்ன மடுப் பெயர்களுக்கும் அதே விதி, அவர் சம்மதித்தால் ஒழிய.

வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், ஜனவரியில், மறுபடி. அதே புள்ளிகளில் நிற்க வேண்டும். வெள்ளம் மடுவை நகர்த்தியிருந்தால் நகர்ந்த தூரம். மேல்மடுவில் விழுந்து கிடக்கும் மரத்தின் நீளம் இன்னும் அளக்கவில்லை.