தென்னை மரத்துச் சோப்பு டப்பா

இரவு ஒன்பதே காலுக்கு அப்புச்சி வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. அது ரேடியோவில் பிபிசி தமிழோசை வருகிற நேரம். 1987ஆம் வருஷம். இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, நம் ராணுவம் யாழ்ப்பாணத்துக்குப் போயிருந்தது. தமிழோசையின் ஆனந்தி அக்காவும் சங்கரண்ணாவும் என்ன சொல்கிறார்கள் என்று கேட்காமல் அப்புச்சி கட்டிலில் சாய மாட்டார்.

கேட்பதுதான் பெரும்பாடு. சோமனூர்ப் பக்கம் எங்கள் ஊர். வீட்டுச் சுவரை ஒட்டியே தறிக்குடோன். ஓட்டு முகட்டிலிருந்து வேப்பமரம் வரை இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பி, அந்தக் குடோனுக்கு மேலேதான் போகும். முள் 31 மீட்டரில் நின்றதும் 'கொர்ர்ர்' என்று ஒரு இரைச்சல் முதலில் வரும். அதற்குள்ளிருந்து செய்தி துண்டு துண்டாக எட்டிப் பார்க்கும். தறிச் சத்தம்தான் ரேடியோவுக்குள் புகுந்துவிடுகிறது என்று நான் நம்பியிருந்தேன்.

கோயமுத்தூரில் ஐ.டி.ஐ. படித்த மாமா ஒரு லீவுக்கு வந்தபோது, பழைய சோப்பு டப்பா ஒன்றைக் கேட்டு வாங்கினார். பி.எஃப்.டபிள்யூ.10 என்று நாலு கால் வைத்த, மிளகு பெரிதான மாதிரி ஒரு எஃப்.இ.டி., இன்னொரு டிரான்சிஸ்டர், நாலைந்து ரெசிஸ்டர், ஒன்பது வோல்ட் பேட்டரி. எல்லாம் அதற்குள் அடங்கின. டப்பாவின் தலையில் இரண்டு முழக் கம்பி ஒன்று நின்றது. "இது ஆக்டிவ் ஆன்டெனா மாப்ளே. இத்தனூண்டு கம்பி பிடிக்கிற சிக்னல நேரா கேபிள்ல உட்டா வழியிலயே தீந்து போயிரும். எஃப்.இ.டி. அதை நோகாம வாங்கி, தெம்பு குடுத்து அனுப்பும்" என்றார்.

டப்பாவைத் திண்ணைத் தூணில் கட்டினோம். சுவிட்சைப் போட்டதும் வந்தது ரேடியோ கண்டிராத ஒரு பேரிரைச்சல். அப்புச்சி காதைப் பொத்திக்கொண்டார். "ஏண்டா, முன்ன ஒரு தவள கத்துச்சு. இப்ப குளத்துத் தவள பூராவும் கத்துதே!" மாமா முகம் சுருங்கிப் போயிற்று.

மூன்றாம் நாள் இரவு, சரியாக ஒன்பதரைக்குக் கரண்டு போயிற்று. ஊர்த் தறி மொத்தமும் ஒரே சமயத்தில் நின்றது. டியூப் லைட்டுகள் அணைந்தன. பேட்டரியில் ஓடிய ரேடியோவிலிருந்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி தமிழ் வந்தது. அப்புச்சி அசையவில்லை. மாமாதான் துள்ளி எழுந்தார். "தறிச் சத்தம் காதுக்குத்தான் மாப்ளே. ரேடியோவுல கேக்கறது கரண்டோட சத்தம். மோட்டார் சுவிட்சு, டியூப் லைட்டுச் சோக்கு, தேஞ்ச ஒயரு எல்லாம் போடற பொறி. இந்த டப்பாவுக்கு நல்லது கெட்டது தெரியாது. வந்ததையெல்லாம் பெருசாக்கும். நாமதான் அதைக் கரண்டு இல்லாத எடத்துல கொண்டு போய் நிறுத்தோணும்."

மறுநாள் டப்பா கிணற்று மேட்டுத் தென்னையில் ஏறிற்று, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே. மழை இறங்காமல் மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றினார் மாமா. டி.வி.க்குப் போடுகிற உருண்டைக் கேபிளை வரப்போரம் மண்ணில் புதைத்து வீடு வரை கொண்டுவந்தார். கேபிளின் மேல்வலையை ஓர் இரும்புக் கம்பியோடு சேர்த்து ஈர மண்ணில் அடித்து இறக்கினார், வீட்டு இரைச்சல் அதன் வழியாக ஊர்ந்து தென்னைக்குப் போகாமல் இருக்க. அன்றைக்குத் தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன. தமிழோசையும் தெளிவாக வந்துகொண்டே இருந்தது. "ம்" என்றார் அப்புச்சி. அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

பேட்டரி வீணாகக் கூடாதென்று, தினமும் சுவிட்சைப் போடும் வேலை எனக்கு வந்தது. ஒன்பது பத்துக்கு டார்ச் எடுத்துக்கொண்டு, பாம்புப் பயத்தில் காலை ஓங்கி ஓங்கி வைத்துக் கிணற்று மேட்டுக்குப் போவேன். கல்லில் ஏறிச் சுவிட்சைத் தட்டுவேன். தூரத்தில் வீட்டுத் திண்ணையில் அப்புச்சி கையைத் தூக்கிக் காட்டுவது அரிக்கேன் வெளிச்சத்தில் நிழலாகத் தெரியும். வந்துவிட்டது என்று அர்த்தம்.

கடல் தாண்டி வந்த குரல் முதலில் தொட்டது என் தலைக்கு மேலிருந்த அந்த இரண்டு முழக் கம்பியைத்தான். அதற்கடியில் நின்ற எனக்குக் கேட்டதெல்லாம் கிணற்றுத் தவளைகள்தாம்.