எங்கள் பெயரில் ஏறியவை

ஜனவரி 12, 2025

நவல்பட்டு வீட்டைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அத்தைக்கு இருப்புக் கொள்ளவில்லை. தை பிறந்ததும் அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டும் என்கிறார். விலை 38 லட்சம். கையில் 8 லட்சம் இருக்கிறது, மீதி 30 லட்சத்துக்கு வங்கிதான். வாங்கப்போகும் வீட்டுக்கு முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். என் பெயருக்கும் கணவர் பெயருக்கும் அப்படி ஒரு வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வங்கி முதலில் பார்ப்பது அதைத்தான். கடன் கிடைக்காமல் போனால் அட்வான்ஸ் திரும்பி வரும் என்று யார் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள்?

அந்தக் கடன் அறிக்கையைத்தான் ஊரில் எல்லாரும் பொதுவாக 'சிபில்' என்கிறோம். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. எல்லா வங்கிகளும் நான்குக்கும் தகவல் கொடுக்கின்றன. மதிப்பெண் 300இல் தொடங்கி 900 வரை. 750க்கு மேல் இருந்தால் வங்கியில் உட்காரவைத்துப் பேசுவார்கள். வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகக் கேட்டு வாங்கும் உரிமை 2017 முதல் இருக்கிறது. "நாமளே எடுத்துப் பார்த்தா ஸ்கோர் குறைஞ்சிடும்ங்கிறாங்களே" என்று கணவர் தயங்கினார். குறையாது. கடன் கேட்டு வங்கி எடுத்துப் பார்ப்பதுதான் கணக்கில் ஏறும்.

ஜனவரி 13

போகிப் புகையோடு விடிந்த நாளில் அறிக்கைகளை அச்செடுத்து மேசையில் பரப்பினோம். அவருக்கு 664. எனக்கு 698.

அவருடைய பக்கத்தில் இருப்பது 2020ஆம் வருடம். திருவெறும்பூர் பக்கத்து ஃபேப்ரிகேஷன் பட்டறையில் மார்ச்சில் நின்ற சம்பளம் தீபாவளி வரை வரவில்லை. அரிசியும் அத்தையின் சர்க்கரை மாத்திரையும் கிரெடிட் கார்டில்தான் வந்தன. ஆகஸ்ட் 31 வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி இடம் கொடுத்தது, வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த வருடம் பாக்கி 84,000 ஆனபோது வசூலுக்கு வந்தவர், "46,000 கட்டுங்க, கணக்கை முடிச்சுக்கலாம்" என்றார். கடன் வாங்கி அதைக் கட்டினோம். முடிந்தது என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினார் அவர்.

அறிக்கையில் அது முடிந்த கணக்காக இல்லை. 38,000 ரூபாயை வங்கி விட்டுக்கொடுத்ததாக, 'செட்டில்டு' என்று நிற்கிறது. புதிதாகக் கடன் கொடுக்கப் போகிற வங்கிக்கு, இவர் முழுப் பணமும் கட்டாதவர் என்றே அது சொல்லும். இதைக் கையெழுத்து வாங்கும்போதே சொல்ல வேண்டியது அந்த வசூல்காரரின் கடமை. வேலை போய் நிற்கிற மனிதனுக்குப் பாதிப் பணத்தில் முடிக்கலாம் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! அந்த ஆறுதலுக்கு வருடக்கணக்கில் ஒரு விலை உண்டு என்பதை மறைத்து விற்பது அநியாயம்.

என் பக்கத்தில் இருப்பது வேறு கதை. பி.இ. படிக்க வாங்கிய கல்விக் கடன் இரண்டு முறை ஏறியிருக்கிறது. 2020 ஏப்ரல் 1 அன்று பொதுத்துறை வங்கிகள் பலவற்றை இணைத்தார்கள். என் கடன் இருந்த வங்கியும் இன்னொன்றில் கரைந்தது, கணக்கு எண் மாறியது. புது எண்ணில் கடன் முழுசாகக் கட்டி முடிந்ததாக இருக்கிறது. பழைய எண்ணிலோ இன்னும் 61,000 பாக்கி, தவணை தவறியது என்று மாதக் கட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. அப்பா அந்தக் கடனுக்கு இணைக் கடன்தாரர். அவர் பெயரிலும் இதே கறை இருக்கும். ஓய்வூதியத்தில் ஒரு தவணைகூடத் தவறவிடாத மனிதர்.

ஜனவரி 20

கல்விக் கடன் முடிந்தபோது கிளையில் கொடுத்த 'நோ ட்யூ' சான்றிதழை அம்மா பீரோவில் துணிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தாள். அந்த ஒரு தாள் இல்லையென்றால் என் நிலைமை என்ன?

நான்கு நிறுவனங்களிடமும் இணையத்தில் புகார் பதிந்தேன். அவர்களாக எதையும் அழிக்க முடியாது. வங்கியிடம் கேட்டு, வங்கி ஒப்புக்கொண்டால்தான் திருத்துவார்கள். அதனால் வங்கியின் கிளைக்கும் குறைதீர் அதிகாரிக்கும் சான்றிதழ் நகலோடு தனியே எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். முப்பது நாளுக்குள் தீர்க்க வேண்டும். அதில் வங்கி பதில் சொல்ல 21 நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கும் விதி. கடிதத்தின் கடைசிப் பத்தியில் அந்த விதியையும் எழுதினேன்.

பிப்ரவரி 7

ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.50இலிருந்து 6.25 சதவீதமாகக் குறைத்திருக்கிறது. கிட்டத்தட்ட ஐந்து வருடத்தில் முதல் குறைப்பு. ஆபீசில் எல்லாரும், "அக்கா, இப்பவே லோன் போட்டுடுங்க" என்கிறார்கள். ரெப்போ குறைந்தால் வீட்டுக் கடன் வட்டி எல்லாருக்கும் குறையும். அதன்மேல் வங்கி சேர்க்கிற கூடுதல் சதவீதம்தான் ஆளுக்கு ஆள் மாறுவது. அது நம் மதிப்பெண்ணைப் பார்த்துப் போடுவது. 30 லட்சத்துக்கு 20 வருடம் என்றால் எட்டரை சதவீதத்தில் மாதம் 26,035 ரூபாய், ஒன்பது சதவீதத்தில் 26,992. அரை சதவீதம்தானே என்று விட்டால் கடைசியில் 2 லட்சத்து 30 ஆயிரம் போய்விடும். மகள் கல்லூரியில் சேரும்போது அந்தப் பணம் என் கையில் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 16

அவர் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி: உங்கள் கடன் அறிக்கை பார்க்கப்பட்டது என்று, நாங்கள் கேள்விப்படாத ஒரு நிதி நிறுவனத்தின் பெயரில். விசாரித்தால், வீட்டுத் தரகர் 'எவ்வளவு கிடைக்கும்னு சும்மா பார்க்க' வாங்கிய பான் கார்டு நகல் ஒரு கடன் ஏஜென்டின் கைக்குப் போயிருக்கிறது. "ஆறேழு இடத்துல போட்டாதான்மா ஒண்ணாவது விழும்" என்று அந்த ஏஜென்ட் எனக்கே போனில் விளக்குகிறார். குறுகிய காலத்தில் பல இடத்தில் கடன் கேட்டால், பணத்துக்கு அலைகிற ஆள் என்றுதான் மதிப்பெண் இறங்கும். எங்கள் அனுமதி இல்லாமல் இனி எங்கும் போடக் கூடாது என்று எழுத்தில் அனுப்பினேன்.

பிப்ரவரி 23

மத்தியப் பேருந்து நிலையத்துப் பக்கம் மின்கம்பத்தில் ஒரு நோட்டீஸ்: 'சிபில் சரி செய்து தரப்படும்'. அவர் ஆசைப்பட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டார். கூப்பிட்டால் 15,000 ரூபாய், பாதி முன்பணம், கூடவே ஓ.டி.பி.யும் வேண்டுமாம். அவர்கள் செய்யக்கூடியது நான் காசில்லாமல் செய்த அதே புகார்தான். உண்மையாகவே தவறிய தவணையை யாராலும் அழித்துத் தர முடியாது. பொய்யாக ஏறியதைத் திருத்துவதற்குப் பணம் தேவையில்லை. அவசரத்தில் இருக்கிறவர்கள் பார்த்து இந்த எண்ணுக்குக் கூப்பிடுவார்களே என்று நினைக்கும்போதே வயிறு எரிகிறது.

மார்ச் 9

அந்த 38,000 ரூபாயைக் கட்டிவிடுவது என்று முடிவு. அத்தைக்குக் கோபம். "அவனுங்களே வேணாம்னு விட்ட காச எதுக்குத் தேடிப்போய்க் கொடுக்கணும்?" என்றார். வீட்டுக்காகச் சீட்டுப் போட்டுச் சேர்த்ததில் அவர் பங்கும் இருக்கிறது, கேட்க உரிமை உண்டு. பென்சிலும் தாளுமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து வட்டிக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். நீண்ட நேரம் தாளையே பார்த்திருந்துவிட்டு, "சரி, ஆனா இந்த வாட்டி எழுதி வாங்கு" என்றார்.

எழுதித்தான் வாங்கினோம். முழுத்தொகை பெற்றதும் கணக்கை 'க்ளோஸ்டு' என்று நான்கு நிறுவனங்களுக்கும் தெரிவிப்போம் என வங்கியின் மின்னஞ்சல் வந்த பிறகுதான் கணவர் பணம் கட்டினார். எல்லா வங்கியும் இதற்கு உடனே இணங்கிவிடும் என்று சொல்ல மாட்டேன், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

அவருடைய இன்னொரு கார்டில் 60,000 வரம்பில் 45,000 வரை எப்போதும் பாக்கி நிற்கிறது. தவணை தவறவில்லை, ஆனாலும் வரம்பில் முக்கால் பங்கைத் தொட்டுக்கொண்டே இருப்பது மதிப்பெண்ணை அமுக்கும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறக்கிவிட வேண்டும். அந்தக் கார்டை ரத்து செய்யலாமா என்றார். வேண்டாம், அவரிடம் இருப்பதிலேயே பழைய கணக்கு அதுதான். அதன் வயதும் மதிப்பெண்ணில் சேரும்.

ஏப்ரல் 27

என் பழைய கணக்கு எண் அறிக்கையிலிருந்து போய்விட்டது. முப்பது நாள் கெடு எப்போதோ தாண்டிவிட்டது என்றாலும் போயே போய்விட்டது. அப்பாவுக்குப் போனில் சொன்னேன். தன் பெயர் கெட்டிருந்ததே அவருக்குத் தெரியாது. "என் பேர்லயுமா இருந்துச்சு?" என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஜூன் 8

அவருக்கு 741, எனக்கு 779. இந்த ஜனவரியிலிருந்து வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தகவல் அனுப்ப வேண்டும் என்று ஆகிவிட்டது, அதனால் கார்டு பாக்கி இறங்கியது உடனுக்குடன் தெரிந்தது. முந்தாநாள் ரெப்போ 5.50க்கு வந்திருக்கிறது. நவல்பட்டு வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. அத்தைக்கு வருத்தம்தான். அதே தெருவில் இன்னொன்று பார்த்திருக்கிறோம், கிணறு இல்லை, ஆனால் கிழக்குப் பார்த்தது.

ஜூலை 6

ஒரே வங்கியில், இருவர் பெயரிலும் விண்ணப்பம் கொடுத்து, அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. கணவருடைய 'செட்டில்டு' ஆன கார்டைப் பற்றி மேலாளர் கேட்டார். மின்னஞ்சலையும் ரசீதையும் எடுத்து வைத்தோம், மேலே பேச்சில்லை. கூடுதல் சதவீதத்தை இருவர் மதிப்பெண்ணில் எதை வைத்துப் போட்டீர்கள் என்று கேட்டேன். குறைந்ததை வைத்து என்றார். அவருடையது 750ஐத் தாண்டினால் மறுபடி பார்க்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார், அதை ஜனவரியில் கேட்க வேண்டும்.

நாளொன்றுக்கு 100 ரூபாய் என்ற அந்த இழப்பீடு இதுவரை வரவில்லை. புகார் தீர்ந்து ஐந்து வேலை நாளுக்குள் கணக்கில் போட்டிருக்க வேண்டும். "வீடுதான் கிடைச்சிடுச்சே, விடேன்" என்கிறார் அவர். என்னோடு அந்த வங்கியில் கல்விக் கடன் வாங்கிய பிள்ளைகள் எத்தனை பேருக்குப் பழைய எண் இன்னும் உயிரோடு இருக்கிறதோ. அப்பா பெயருக்கும் சேர்த்து இன்று ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனுக்குப் போகிறேன்.