வருஷத்துக்கு ஒரு கை எண்ணெய்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனால் பழம்பொருள் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். இடித்த வீடுகளிலிருந்து வந்த கதவையும் நிலையையும் போட்டுச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். மேலே பச்சை எனாமல், அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் காவி. எல்லாம் உதிர்ந்த பிறகு பர்மாத் தேக்கு முகம் காட்டும். நகரத்தார் கடல் தாண்டிக் கொண்டுவந்து இழைத்து மாட்டிய மரம். பிள்ளைகள் காசு செலவழித்து அதை மூடினார்கள். இப்போது யாரோ காசு கொடுத்துத் திறக்கிறார்கள்.

மூடியவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. எண்ணெய் பூசிய கதவு வருஷாவருஷம் ஆள் கேட்கும். பிழைப்புத் தேடி ஊரை விட்டுப் போனவர்கள் என்ன செய்வார்கள்? எனாமல் அடித்துவிட்டால் சில வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

மரக்கடையில் கணக்கெழுதியே காலம் கழித்தவன் என்பதால், வீடு கட்டும் பிள்ளைகள் என்னிடம் வந்து, “ஐயா, எந்தப் பாலிஷ் போட்டா ரேகை நல்லாத் தெரியும்?” என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: “போட்டதுக்கப்புறம் அந்தப் பக்கம் எப்ப வருவீங்க தம்பி?” சிரித்துக்கொள்வார்கள். நான் விளையாட்டுக்குக் கேட்பதில்லை. ரேகையை நன்றாகக் காட்டுகிற பூச்சு பெரும்பாலும் நம் கையை மறுபடி மறுபடி கேட்கிற பூச்சு.

ரேகையைப் பூச்சு உண்டாக்குவதில்லை. தேக்கு கோடையில் இலையுதிர்த்து நிற்கும். தளிர்விடும் காலத்தில் பெரிய துளைகளோடும் பிறகு சின்னத் துளைகளோடும் வளரும். வருஷா வருஷம் நடக்கிற இந்த மாற்றமே வளையம். அறுக்கிறவன் வளையத்துக்குக் குறுக்கே, நடுத்தண்டை நோக்கி அறுத்தால் நேர்கோடு. ஓரமாகப் பலகை எடுத்தால் மலை மலையாக வளைவு. இழைத்த பலகை வெளுத்துத் தெரிவதற்குக் காரணம், காய்ந்த நாரில் பட்ட வெளிச்சம் நாலாபக்கமும் சிதறிவிடுவதுதான். எண்ணெயோ அரக்கோ நாரின் இடுக்கில் இறங்கினால் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வருகிறது. ஆற்றில் நனைந்த கூழாங்கல்லுக்கு நிறம் கூடுவதும் இப்படித்தான்.

ஆகவே டப்பா வாங்குவதற்கு முன் ஓர் ஈரத்துணி போதும். ஒரு தடவை துடைத்துப் பார்த்தால், நிறமில்லாத பூச்சு போட்டபின் மரம் ஏறத்தாழ எப்படி இருக்கும் என்று அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். காய்ந்ததும் நார் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அதை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். 120, 180, 220 என்று நம்பர் ஏற ஏற, ரேகை ஓடுகிற திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது கண்ணில் படாது. பூச்சு ஏறியதும் பளிச்சென்று தெரியும். பாலிஷ் வேலையில் பாதிக்கு மேல் இந்தத் தேய்ப்புதான். கூலியைக் குறைக்கச் சொன்னால் முதலில் குறைவதும் இதுதான்.

தெரிந்த வீடு ஒன்றில் பலாப்பலகை ஊஞ்சல். தஞ்சாவூர் வீணைக்கு எடுக்கிற அதே ஜாதி மரம். மருமகள் பாலிஷ்காரப் பெரியவரிடம், “அண்ணே, சோபா கலருக்கு இதையும் டார்க்கா அடிச்சிருங்க” என்றாள். பெரியவர் மறுக்கவில்லை. “அடிச்சிரலாம்மா. ஒரு நிமிஷம் இதைப் பாத்துக்குங்க” என்று பலகையைத் திருப்பி, அடிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தார். மஞ்சள் எழுந்தது. “இன்னும் சிவக்குமாண்ணே?” “வெளிச்சம் பட்டாத் தானா சிவக்கும்மா. நாம ஒண்ணும் கலக்க வேண்டியதில்லை.”

அவர் போட்டது அரக்குப் பாலிஷ். பலாசு, இலந்தை மாதிரி மரங்களில் ஒட்டி வாழும் சின்னப் பூச்சி கக்குவதுதான் அரக்கு. ஜார்க்கண்ட் பக்கம் அதிகம் விளைகிறது. ராஞ்சிக்குப் பக்கத்தில் 1924-லேயே இதற்கென்று ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200, 250 கிராம் அரக்கை இரவே ஊறப் போட்டு, காலையில் வடிகட்டினார் பெரியவர். பஞ்சை வெள்ளைத்துணியில் பொட்டலமாகக் கட்டி, அதில் கொஞ்சம் ஊற்றிப் பிழிந்து, வட்டம் வட்டமாக ஓட்டினார். பொட்டலம் பலகையில் இறங்கியபின் நிற்கவே கூடாது. நின்ற இடம் தழும்பாகிவிடும். ஒட்டிப் பிடித்தால் நுனிவிரலால் ஒரு சொட்டு எண்ணெய். ஒரு கை ஓட்டுவது, காயவிடுவது, மறுபடி ஓட்டுவது என்றே போனது பொழுது. சாயங்காலம் பலகையைச் சாய்த்துப் பார்த்தால் ரேகை வெளிச்சத்தோடு நகர்ந்தது.

இத்தனை அழகுக்கும் அரக்கு தொட்டாற்சுருங்கி. சூடான காபி டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். ஐப்பசி அடைமழையில் பூசினால் பால் பூத்தாற்போல் வெளுக்கும். ஆனால் ஒரு பெரிய குணம் உண்டு: புதுக்கை பழைய பூச்சையே கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். வளையம் விழுந்த இடத்தை மட்டும் சரிபண்ணலாம்.

பி.யூ. (பாலியூரித்தேன்), மெலமைன் ஆகிய பூச்சுகளின் குணம் இதற்கு நேர் எதிர். இரண்டு டப்பாவைக் கலந்து அடிப்பது, இறுகினால் கெட்டி. சாம்பாரும் சுடுபாத்திரமும் புழங்கும் சாப்பாட்டு மேஜைக்கு நானே பி.யூ.தான் சொல்வேன். மெல்லிதாக, பளபளப்பு குறைத்து அடித்தால் ரேகை கெடாது. கனமாக ஏற்றினால் மரத்தைத் தொடுகிறோமா பிளாஸ்டிக்கைத் தொடுகிறோமா என்று கைக்கே சந்தேகம் வரும். உரிய ஆரம்பித்தால் அங்கங்கே ஒட்டுப்போட முடியாது, முழுக்கச் சுரண்ட வேண்டியதுதான். மேற்கு வெயில் படும் வாசக்கதவுக்குச் சாதாரணத் தெளிவார்னிஷே வேண்டாம். வெயில் அதை ஊடுருவி அடியில் உள்ள நாரை அரிக்கும். மேல்தோல் செதிள் செதிளாகக் கிளம்பும். அங்கே ஆளிவிதை எண்ணெய்தான் என் கட்சி. மங்கும், உரியாது, துடைத்துவிட்டு இன்னொரு கை பூசினால் தீர்ந்தது.

சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்தில் சீக்கிரம் வளர்த்த வெளிறிய தேக்கை வாங்கி, பர்மாத் தேக்கு என்று வந்தவர்கள் நினைக்கட்டும் என்று சாயம் ஏற்றுகிறார்கள். உறிஞ்சுகிற இடத்தில் திட்டாகவும் முனைகளில் கறுப்பாகவும் நின்று காட்டிக்கொடுக்கும். (தலைச்சாயத்தை நான் குறை சொல்லவில்லை. முடி திரும்ப வளரும்.) வெளிறிய மரத்தை வெளிறிய மரமாகவே இருக்கவிடுங்கள்.

அடிக்கடி கை கேட்கிற பூச்சு, ஒருநாள் மொத்தமாக உரிகிற பூச்சு என்ற இரண்டு வகையையும் மனிதர்களிடமும் பார்த்துவிட்டேன். அண்ணன் தம்பிக்குள் ஒரு மனத்தாங்கல் வந்தால் அன்றைக்கே போய்ப் பேசி, வருஷத்துக்கு நாலு தடவை சண்டை போட்டுச் சேர்ந்துகொள்கிற குடும்பங்கள் உண்டு. ஒரு வார்த்தை தடித்துப் பேசாமல், பளபளவென்று பல வருஷம் பழகி, ஒருநாள் பாகப்பிரிவினையில் மொத்தமும் உரிந்துபோன குடும்பங்களும் உண்டு. முதல் வகை வீட்டில் சத்தம் அதிகம்தான். பெண் கொடுக்க வேண்டுமென்றால் நான் அங்கேதான் கொடுப்பேன்.

இந்தத் தை பிறப்பதற்குள் உங்கள் வீட்டு வாசக்கதவை ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். எண்ணெய் பூசுவதானால் மெல்லிதாகப் பூசுங்கள். கால்மணி நேரம் கழித்து, மரம் குடிக்காமல் விட்டதை ஒட்டத் துடையுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். கசங்கிக் கிடக்கிற துணி தானாகவே தீப்பிடித்துவிடக்கூடும். வெளியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.