அசல், மறுஅச்சு, போலி

தபால்தலை சேகரிக்கத் தொடங்கும் தம்பிகள் பலர் இதைக் கேட்கிறார்கள்: "அமெரிக்காவின் பழைய உள்ளூர்த் தபால்தலை மலிவாக வருகிறது, வாங்கலாமா?"

அவசரப்படாதீர்கள். மூன்று வகை உண்டு.

அசல் என்பது தலையை வெளியிட்ட தனியார் தபால் சேவை நடந்த காலத்தில் கடிதத்தில் ஒட்டுவதற்காக அச்சானது. மறுஅச்சு, அதே அசல் தகட்டிலிருந்து பிற்காலத்தில் எடுத்தது. போலிக்குத் தகடே வேறு.

உதாரணத்துக்கு, நியூயார்க்கில் தனியார் சேவையான சிட்டி டெஸ்பாட்ச் போஸ்ட் 1842 பிப்ரவரியில் 3 சென்ட் தபால்தலை வெளியிட்டது. அமெரிக்காவின் முதல் ஒட்டும் தபால்தலை அதுதான். அதிலுள்ள வாஷிங்டன் முகம் உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டது. லென்ஸில் பார்த்தால் மை சற்றே மேடாக நிற்கும். கல்லச்சுப் போலியில் தட்டையாகக் கிடக்கும்.

1860களில் சேகரிப்பு மோகம் வந்ததும் ஏமாற்றும் வந்தது. பாஸ்டனில் எஸ். ஆலன் டெய்லர் போலிகளை விதவிதமான நிறங்களில் அடித்துத் தள்ளினார். இல்லாத தபால் சேவைகளுக்கும் தலை தயாரித்தார். நியூயார்க்கில் உள்ளூர்த் தபால் நடத்திய ஜார்ஜ் ஹஸ்ஸி, சேகரிப்பாளர்களுக்கென்றே மறுஅச்சும் நகல்களும் விற்றார்.

எனவே தாள், நிறம், கோடுகள் மூன்றையும் அசலின் தெளிவான படத்தோடு ஒப்பிடுங்கள். முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், அதையும் போலியாகக் குத்துவார்கள். மறுஅச்சு வாங்குவது தப்பில்லை, மறுஅச்சு விலைக்கு வாங்கினால். பெரிய தொகை என்றால் நிபுணர் சான்றிதழ் இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள்.