கொரியாவில் எமது ஞாயிற்றுக்கிழமைகள்

பிறநாட்டில் உத்தியோகம் பார்ப்போருக்கு வாரத்தின் மற்றை நாட்களெல்லாம் பிறருக்குரியவை. ஞாயிறு ஒன்றே தமக்குரியது. அந்த ஒரு நாளை எவ்வாறு கழிக்கின்றோம் என்பதைக் கொண்டே, நாம் அந்நாட்டில் வாழ்கின்றோமா, அன்றி வெறுமனே தங்கியிருக்கின்றோமா என்பதைச் சொல்லிவிடலாம். தென் கொரியாவின் சுவொன் நகரிலே மூன்றாண்டுகளைக் கழித்தபின் எமக்குத் தோன்றும் எண்ணம் இது.

சுவொன், தலைநகராகிய சியோலுக்குத் தெற்கே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. எமது வீடு பதினைந்தாம் மாடியில். வந்த புதிதில் யன்னலைத் திறந்தால் எதிரே ஒரேவிதமான மாடிவீடுகள், எண்களால் மட்டுமே வேறுபடுபவை, வரிசை வரிசையாக நிற்கக் கண்டு மனம் சோர்ந்ததுண்டு. ஆயினும் கதவுக்கு உட்புறம் அத்துணை அந்நியமாக இல்லை. வாசலிலே பாதணியைக் கழற்றிவிட்டு உள்ளே செல்வது இங்கும் கட்டாய வழக்கம். நிலத்தில் அமர்ந்து உண்பாரும் நிலத்தில் மெத்தை விரித்து உறங்குவாரும் இன்றும் உளர். தை மாதத்திலே வெளியே பாகை பூச்சியத்துக்கும் பத்துக் கீழே இறங்கும்போது, வீட்டின் நிலமோ காலுக்கு இதமாகச் சுட்டுக்கொண்டிருக்கும். முற்காலத்தில் அடுப்பின் புகையையும் வெப்பத்தையும் தளத்தின் கீழே செலுத்தி அறையைச் சூடாக்கினர். ‘ஒந்தோல்’ என்பது அதன் பெயர். இக்காலத்தில் தளத்தினடியில் வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன, பெயர் மாறவில்லை.

நாம் இங்கே கற்ற முதற் பாடம் குப்பை பற்றியது. 1995ஆம் ஆண்டு தொடக்கம் இந்நாட்டில் ஒவ்வொரு வீட்டாரும் தாம் எறியும் குப்பையின் அளவுக்கேற்பப் பணம் கொடுத்துப் பை வாங்க வேண்டும். உணவுக் கழிவு வேறு, கடதாசி வேறு, கண்ணாடி வேறு. இதையறியாத நாம் ஒருநாள் தேங்காய்ச் சிரட்டையை உணவுக் கழிவுத் தொட்டியில் இட்டுவிட்டோம். மாலையில் கதவு தட்டப்பட்டது. காவற்காரப் பெரியவர் சிரட்டையைக் கையிலேந்தி, பணிவோடு தலை வணங்கி நின்றார். உணவுக் கழிவிற் பெரும்பகுதி கால்நடைத் தீனியாகவும் பசளையாகவும் மாற்றப்படுகின்றதாம். மாடு தின்ன இயலாதது உணவுக் கழிவன்று என்பதே விதி. அவர் அதைக் கோபமின்றிச் சைகையாலே விளக்கினார். பாதி சிரட்டையை வாயருகே கொண்டுபோய்க் கடிப்பதுபோல் நடித்துக் காட்டியபோது, எம் இல்லாள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள். அன்று முதல் அவர் எமக்கு நண்பர்.

அயல்வீட்டு ஆச்சியின் நட்பு கார்த்திகை மாதத்தில் வந்தது. குளிர்காலத்துக்கு வேண்டிய கிம்ச்சியை வீடுதோறும் கூடிச் செய்யும் காலம் அது. ‘கிம்ஜாங்’ எனப்படும் இவ்வழக்கம் 2013இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. சீனக் கோவாவை உப்பிலே ஊறவைத்து, மிளகாய்த்தூள், உள்ளி, இஞ்சி, உப்பிட்ட கூனி இறால் ஆகியவற்றைக் குழைத்து இலைக்கு இலை பூசுவர். ஆச்சி ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்து தந்தார். மூன்றாம் நாள் அக்கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கையில், வெறுங்கிண்ணம் கொடுப்பது எம் ஊர் வழக்கமன்று என்பதனால், பயற்றம் பணியாரம் வைத்துக் கொடுத்தோம். ஆச்சி அதைக் கண்டு வியந்து, தங்கள் ஊரிலும் பாத்திரத்தை வெறிதே திருப்புவதில்லை என்றார். அதன்பின் அக்கிண்ணம் இருவீட்டுக்கும் இடையே நடந்துகொண்டேயிருக்கின்றது. எவர்க்குரியது என்பதும் மறந்துபோயிற்று.

கொரியர் தந்தையை ‘அப்பா’ என்றே அழைப்பர். தாய் ‘ஒம்மா’. சொல்லொலியின் ஒற்றுமை ஒன்றைக் கொண்டு மொழிகளுக்கு உறவு நாட்டுதல் மொழிநூலார் ஒப்பாத செயல். எனினும், எம் ஆறு வயது மகள் புகையிரதத்திலே ‘அப்பா’ என்று கூவும்போதெல்லாம், எதிரிலிருக்கும் மூதாட்டியர் திடுக்கிட்டு நிமிர்ந்து, எம் நிறத்தையும் முகத்தையும் பார்த்து, பின் மலர்ந்து சிரிப்பர். யாழ்ப்பாணத்து முறைப்படி இல்லாளும் ‘இஞ்சருங்கோ அப்பா’ என்று எம்மை அழைக்க, அவர்கள் குழப்பம் இன்னும் பெருகும். அச்சொல் இத்துணை வலியுடையது என்பதைப் பின்னொரு நாள் அறிந்தோம். அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு அன்சான் நகருக்குச் செல்வோம். 2020ஆம் ஆண்டு தொடக்கம் சுவொனிலிருந்து அங்கே நேரே புகையிரதம் ஓடுகின்றது. தொழிற்சாலைகள் நிறைந்த ஊர் அது. ஞாயிறன்று அங்குள்ள ஒரு தெருவிலே நேபாளியர், வியட்நாமியர், உஸ்பெக்கியர், இலங்கையர் எனப் பல நாட்டவரும் கூடுவர். பலசரக்குக் கடைகளிலே பருப்பும் மல்லியும் மாசியும் கிடைக்கும். ஒரு கடையில் கறிவேப்பிலையைப் பையிலிட்டு வைத்திருந்ததைக் கண்டு இருவர் ஒருங்கே கை நீட்டினோம். மற்றைய கை முல்லைத்தீவைச் சேர்ந்த ஓர் இளைஞனுடையது. “நீங்கள் எடுங்கோ அக்கா, எனக்குச் சமைக்க நேரமெங்கை?” என்று எம் இல்லாளிடம் கூறி விலகினான். தமிழ் கேட்டதும் விடுவோமா? அடுத்த ஞாயிறு எம் வீட்டில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் சம்பலும் உண்டான். அன்று முதல் எமது ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் ஒரு பங்காளியானான்.

2004இல் நடைமுறைக்கு வந்த வேலை அனுமதித் திட்டத்தின் கீழ் வந்தவன் அவன். கொரிய மொழிப் பரீட்சையில் தேறிய பின்னரே இத்திட்டத்தில் வேலை கிடைக்கும். இங்கு நாலாண்டு பத்து மாதம் வரை தொடர்ந்து தங்கலாம். ஆனால் மனைவி மக்களை அழைத்துவரல் இயலாது. 2025இல் மணிக்கு 10,030 வொன் என்பது சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி. அது உள்ளூராருக்கும் வெளிநாட்டாருக்கும் ஒன்றே. நல்ல சம்பளந்தான். அச்சம்பளத்திலே ஊரில் வீடொன்று கட்டிக்கொண்டிருந்தான். புறப்பட்டபோது மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. மகளுக்கு இப்போது மூன்றரை வயது. மகளைத் தூக்கிப் பார்த்ததில்லை. விடுமுறை கேட்டால் விமானச் செலவும் ஒரு மாதச் சம்பளமும் போய்விடுமே, கூரை பிந்திவிடுமே என்று ஆண்டாண்டாகத் தள்ளிவந்தான். இதைச் சிரித்துக்கொண்டே சொல்வான். நாமும் சிரித்துக்கொண்டே கேட்டோம்.

சித்திரை மாதத்து ஞாயிறொன்றில், நகரைச் சூழ்ந்து நிற்கும் ஹ்வாசொங் கோட்டையைக் காணப் புறப்பட்டோம். மதிலின் சுற்றளவு ஏறக்குறைய 5.7 கிலோமீற்றர். குன்றேறி, ஓடையைத் தாண்டி, நகரின் நடுவே செல்கின்றது. மதிலோரம் மஞ்சட் பூக்களும் வெண்ணிறச் செரிப் பூக்களும் பூத்துக் குலுங்கின. ஏழு வளைவுகளின் கீழே நீரோட, மேலே மண்டபம் அமைந்த வடக்கு நீர்வாயிலின் அருகே புல்லில் துணி விரித்துக் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். சுற்றிலும் கொரியக் குடும்பங்கள் அவ்வாறே அமர்ந்திருந்தன.

இக்கோட்டையின் வரலாறு துயரமுடையது. 1762ஆம் ஆண்டிலே யொங்ஜோ என்னும் அரசன், தன் மகனாகிய இளவரசன் சாதோவை அரிசிப் பெட்டகம் ஒன்றினுள் அடைத்துச் சாகவிட்டான். எட்டாம் நாள் உயிர் பிரிந்தது. அவ்விளவரசனின் மகனுக்கு அப்போது பத்து வயது. அச்சிறுவனே பின்னர் ஜொங்ஜோ என்னும் பெயரோடு அரசனானான். 1789இல் தந்தையின் கல்லறையைச் சுவொனுக்கு அருகே மாற்றி அமைத்தான். 1794 தொடக்கம் 1796 வரை இக்கோட்டையைக் கட்டுவித்தான். ஜொங் யாக்-யொங் என்னும் அறிஞர் பாரந்தூக்கும் பொறியொன்றை இதற்கென ஆக்கினார். பணிசெய்த கைவினைஞரின் பெயர்களும் பெற்ற கூலியும் நூலாக எழுதிவைக்கப்பட்டன. கொரியப் போரிற் சிதைந்த பகுதிகளை 1970களில் மீளக் கட்டியபோது அந்நூலே வழிகாட்டியது; 1997இல் கோட்டை உலக மரபுரிமைச் சின்னமும் ஆயிற்று. கல் சுமந்தவனின் பெயரையும் எழுதிவைத்தார்கள் என்று நாம் கூறியபோது, இளைஞன் மதிற்கல்லைத் தடவிப் பார்த்தான்.

அவ்வேளையில், பின்னாலிருந்து ஒரு பெண்குழந்தையின் குரல், “அப்பா!” என்று கூவிற்று.

அக்குழந்தையின் தந்தை திரும்புமுன் இவன் திரும்பிவிட்டான். உடல் முழுவதும் திரும்பிற்று; கைகளும் பாதி நீண்டுவிட்டன. செம்மேற்சட்டை அணிந்த சிறுமி அவனைக் கடந்து ஓடித் தன் தந்தையின் கால்களைக் கட்டிக்கொண்டாள். இவன் நீட்டிய கையை என்ன செய்வதென்று அறியாது, குனிந்து பாதணியின் கயிற்றைக் கட்டுவான் போலிருந்தான். நெடுநேரம் கட்டினான்.

“என்ரை பிள்ளை என்னைப் ‘போன் அப்பா’ எண்டுதான் சொல்லுவாள், அண்ணை. போனுக்குள்ளை இருக்கிற அப்பா” என்றான் பின்னர். இம்முறை சிரிக்கவில்லை. இல்லாள் பிளாஸ்கிலிருந்து தேநீரை வார்த்து அவன் கையிற் கொடுத்தாள். எம் மகள் எதையும் அறியாதவளாய் அவனருகே சென்றமர்ந்து, பூ இதழ்களை அவன் முழங்காலில் அடுக்கத் தொடங்கினாள்.

மாலையில் நகரின் வட எல்லையிலுள்ள ஜிஜிதே மேட்டுக்குச் சென்றோம். பெருவீதியில் வாகனங்கள் இரைந்து பாய்கின்றன. ஓரத்திலே படிகளேறினால் சிறு மண்டபத்துள் 1807இல் நாட்டிய கல்வெட்டொன்று நிற்கின்றது. அரசன் ஜொங்ஜோ, 1789 முதல் தான் இறந்த 1800ஆம் ஆண்டு வரை 13 முறை தந்தையின் கல்லறைக்கு வந்தானாம். 1795இல் அறுபது வயது நிறைந்த தாயையும் உடனழைத்து, ஹான் ஆற்றிலே படகுகளை வரிசையாக நிறுத்திப் பாலமிட்டு வந்து, இந்நகரில் அவருக்கு விருந்து செய்தான். திரும்பிச் செல்லும் வழியில் இம்மேட்டைக் கடந்தால் தந்தை உறங்கும் திசை கண்ணுக்கு மறைந்துவிடும். ஆதலால் இங்கே வந்ததும் பரிவாரத்தை நிறுத்தித் திரும்பித் திரும்பிப் பார்ப்பானாம். ஊர்வலம் இவ்விடத்தில் எப்போதும் தாமதமாகும். தாமதம், தாமதம் என்று பொருள்படும் சொல்லே மேட்டுக்குப் பெயராயிற்று என்பர்.

நாம் இக்கதையைக் கூறி முடித்தபோது இளைஞன் ஒன்றும் பேசவில்லை. எமக்கும் அதன்மேற் பேச்சு எழவில்லை. ஏனெனில் கதை அவனைச் சுட்டது போலவே எம்மையும் சுட்டிற்று.

ஊரிலே எம் தாயார் தனியாக இருக்கின்றார். எமது கடிகாரம் இலங்கையினதைவிட மூன்றரை மணி முன்னே ஓடுவது. ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு நாம் அழைக்கும்போது அங்கே மாலை ஐந்தரை. முற்றம் கூட்டி முடித்து விளக்கேற்றக் காத்திருக்கும் வேளை. “எப்ப ராசா வாறியள்?” என்பது அவரது கடைசிக் கேள்வி. “அடுத்த வருஷம் அம்மா” என்பது எமது கடைசி விடை. மூன்றாண்டுகளாக இவ்விடை மாறவில்லை. மகளின் பள்ளி, கந்தோரின் வேலை, விமானக் கட்டணம் என்று ஒவ்வொரு ஆண்டும் ஒரு காரணம் தயாராகக் கிடைத்தது. தடையின்றிச் செல்லக்கூடிய நாமே செல்லாதிருந்துகொண்டு, செல்ல வழியற்றவன் ஒருவனுக்காக இரங்கிக்கொண்டிருந்தோம் என்பது அம்மேட்டிலே விளங்கிற்று.

அடுத்த ஞாயிறு அவன் வழக்கத்துக்கு முன்னரே வந்தான். கையில் வாழைப்பழச் சீப்பொன்று. செருப்பைக் கழற்றும்போதே கூறினான்: “கூரை ஒரு மாசம் பிந்தினால் பிந்தட்டும், அண்ணை. முதலாளியிட்டை லீவு கேட்டுப்போட்டன். ஆவணியிலை ஒரு மாசம் தாறாராம்.” பின்பு சிறிது தயங்கி, “பிள்ளை என்னைக் கண்டு பயந்து அழுமோ, அக்கா?” என்று இல்லாளைக் கேட்டான்.

“முதல் நாள் அழும். இரண்டாம் நாள் மடியிலை இருக்கும்” என்றாள் இல்லாள்.

அன்றிரவு ஒன்பது மணிக்குத் தாயாரை அழைத்தோம். ஆட்டுக்குட்டியின் செய்தியும் அயல்வீட்டுத் திருமணச் செய்தியும் முடிந்தபின், வழக்கமான கேள்வி வந்தது. “அடுத்த வருஷம்” என்று சொல்ல வாயெடுத்தோம், சொல் எழவில்லை. இல்லாள் எம் முகத்தைப் பார்த்தாள்.

“ஆவணியிலை வாறம், அம்மா” என்றோம்.

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பின்னர், “மாமரம் அப்ப காய்ச்சு முடிஞ்சிருக்குமே, பிள்ளைக்குப் பழம் இராதே” என்று தாயார் கவலைப்படத் தொடங்கிவிட்டார்.