முள்ளின் சாய்வு

எங்கள் இல்லத்தின் தெற்குச் சுவரில் என் தந்தையார் ஒரு சூரியக் கடிகை அமைத்திருந்தார். திருச்சியில் கொத்து வேலை செய்தே எங்களைப் படிக்க வைத்தவர் அவர். காரைப் பூச்சில் கீறிய கோடுகள். மேலே ஓரடி நீள இரும்பு முள். அம்முள் சுவருக்கு நேராக நில்லாது, முனை ஒன்றரை அங்குலம் மேற்கே சாய்ந்திருக்கும். கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, அது கோணலென்று முடிவுகட்டி, அவருடைய மூலைமட்டத்தையே வைத்து நிமிர்த்திவிட்டேன். மாலையில் வந்து பார்த்தவர் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர்க் கடிகை பிழைபட்டபோது நான் நகைத்ததும் உண்டு.

அவர் மறைந்து பல்லாண்டு கழிந்தபின், சென்ற நவம்பர் 2 அன்று, கல்லறைத் திருநாளுக்கு ஊர் சென்றிருந்தபோது அச்சுவரை அளந்தேன். நாளும் பொருத்தமானதே. இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. திருச்சி அதற்கு மேற்கே இருப்பதால் கதிரவன் 15 நிமிடம் பிந்தி உச்சிக்கு வருவான். நவம்பர்த் தொடக்கத்திலோ அவன் 16 நிமிடம் முந்துவான். ஆகவே அன்று உச்சிப்பொழுதும் கடிகாரத்தின் 12 மணியும் ஏறக்குறைய ஒன்றே. (பிப்ரவரியில் அரைமணி வேறுபடும்.)

சுவரோடு ஒரு பலகையை மட்டமாகப் பொருத்தி, மேலே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். உச்சியில் நூலின் நிழல் நேர்வடக்கே விழும். சுவர் நேர்தெற்கை நோக்கியிருப்பின் அந்நிழல் சுவருக்குச் செங்குத்தாக அமையும். அமையவில்லை, 7 பாகை விலகிற்று. தெருவின் போக்கிற்கேற்பக் கட்டிய வீடு சற்றே கிழக்கே திரும்பியிருந்தது. முள்ளோ, சுவரைப் பாராது புவியின் அச்சோடு இணைந்து நிற்க வேண்டியது. ஓரடி முள்ளுக்கு 7 பாகை என்றால் ஒன்றரை அங்குலம்!

புளோரன்சு நகரின் சாந்தா மரியா நொவெல்லா ஆலய முகப்பில், எஞ்ஞாத்சியோ தாந்தி என்னும் தோமினிக் சபைத் துறவி 1572இல் பொருத்திய பளிங்குக் கருவியில் சூரியக் கடிகைகள் உள்ளன. அந்நகரத்துத் தெற்குச் சுவரில் முள் நட்டால் அது 44 பாகை கீழ்நோக்கித் தாழ வேண்டும். உச்சிவெயில் ஆண்டு முழுதும் அதன்மீது விழும். நமக்கோ 11 பாகைத் தாழ்வே போதும். ஆனால் சித்திரை முதல் ஆவணி வரை நண்பகற் சூரியன் வடபுறம் போய்விடுவான்; சுவர் வாளாவிருக்கும்.

கடிகையின் ஓரத்தில் கரியால் எழுதிய எண்கள் சில இருந்தன: ஐப்பசி 11, மார்கழி 17, பங்குனி 5. சுண்ணாம்புக் கணக்கென்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். நான் நிமிர்த்திய முள் அவ்வம்மாதம் எத்தனை நிமிடம் முந்திக் காட்டும் என்ற குறிப்பு அது. முள்ளை மறுபடி வளைக்க அவருக்கு ஒரு நொடி போதும். வளைக்காமல், கழித்தே நேரம் பார்த்திருக்கிறார்.

அன்று மாலை முள்ளை மேற்கே சாய்த்தேன். துருவேறியிருந்ததால் மெல்லத்தான் வளைந்தது. அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது அந்த எண்களை மட்டும் விட்டுவிடச் சொல்லி, தம்பியிடம் விடைபெற்றேன்.